ஆறு வாரக் கட்டு

என் வீட்டுக்காரர் சப்பாத்தி நன்றாகத் தேய்ப்பார். ஓரம் பிசகாத வட்டமாக வரும். பதினாறு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. ஊரடங்கு போட்ட பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் விசாரித்திருப்பீர்கள். வடிவேல் ஒரு குடிகாரன் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன் மேடம்.

என்னை அடிப்பாரா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஆறரைக்குச் சேதராப்பட்டுக் கம்பெனி வேனில் ஏறுவார். பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனி. சாயங்காலம் வேனை விட்டு இறங்கினால் நேராகச் சாராயக்கடை. அவர் வரும்போது நானும் மகள் கவிநிலாவும் சாப்பிட்டுப் படுத்திருப்போம். தட்டை மூடி வைத்திருப்பேன். சில நாள் சாப்பிடுவார், சில நாள் அப்படியே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குவார். மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

நானும் வேலைக்குப் போனவள்தான். கோரிமேட்டுக்குப் போகிற சாலையில் ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருஷம் இருந்தேன். மாவுக்கட்டை நனைத்துக் கொடுப்பது, டாக்டர் கட்டும்போது காலைப் பிடித்துக்கொள்வது, வாரம் முடிந்ததும் பிரித்துவிடுவது. எந்த எலும்பு எங்கே முறிந்தால் எத்தனை வாரத்தில் கூடும் என்று எக்ஸ்ரே பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

மார்ச் கடைசியில் எல்லாவற்றையும் மூடினார்கள். கம்பெனி, கிளினிக், பள்ளிக்கூடம், சாராயக்கடை. முதல் பத்து நாள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கை நடுங்கும், உடம்பெல்லாம் வேர்க்கும், சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார். நான் மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் காலையில் எழுந்து, "கலை, பசிக்குதுடி" என்றார். நான்கு தோசை சாப்பிட்டார். ஐந்தாவதைத் தானே ஊற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வைத்திக்குப்பத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் மீன் கொண்டுவருவார். இவர் வாங்கி, தானே செதில் எடுத்து, குழம்பும் வைப்பார். கவிநிலாவுக்குப் போனில் வகுப்பு நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பாடம் கேட்பார். ஒருநாள் அவள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "ப்பா, நீ சடை போடு, பாக்கலாம்" என்றாள். கோணல் மாணலாகப் போட்டார். மறுநாள் நேராக வந்தது. சாயங்காலமானால் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டு மூன்று பேரும் விளையாடுவோம். வெட்டுப்பட்டால் அவர் கோபித்துக்கொள்வார், கவி விழுந்து விழுந்து சிரிப்பாள். டிவியில் தினமும் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. என் வீட்டில் மூன்று பேரும் இருந்தோம்.

மே மாதக் கடைசி வாரத்தில் மதுக்கடைகளைத் திறந்தார்கள். அன்று காலை அவர் சட்டையை மாட்டினார். இரண்டு மாதமாக அவர் சட்டை போட்டு நான் பார்க்கவில்லை.

"எங்க?"

"சும்மா, கூட்டம் எப்பிடின்னு பாத்துட்டு வந்துட்றேன்."

மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தார். இரண்டு மாதம் விட்டிருந்த உடம்பு தாங்கவில்லை. பாயில் விழுந்தவர் அசையவில்லை. கவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மிக் குழவியைப் பழைய வேட்டியில் சுற்றினேன். தோல் கிழியக் கூடாது, அதற்காக. இடது கால், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில். காலுக்கு அடியில் ஒரு பலகையை வைத்து ஒரே அடி. இரண்டாவது அடி தேவைப்படவில்லை. அவர் அலறியதைக் கேட்டு எதிர்வீட்டு அஞ்சலாட்சி அக்கா மாடியிலிருந்து, "இன்னா கலை, இன்னா சத்தம்?" என்று கேட்டார்.

"குடிச்சிட்டு மாடிப்படியில உருண்டுட்டாருக்கா."

வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். நம்பினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன், அதையும் நம்பினார். கிளினிக் மூடியபோது நான் எடுத்து வந்த மாவுக்கட்டுத் துணி கொஞ்சம் வீட்டில் இருந்தது. நானே கட்டினேன். டாக்டர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். இவர் அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "இனிமே தொட மாட்டேன் கலை, கவி மேல சத்தியம்" என்றார்.

ஆறு வாரம். திரும்பவும் தாயம், திரும்பவும் சடை. காலை நீட்டி உட்கார்ந்தபடியே சப்பாத்தி தேய்த்தார். மூன்று பேருக்கும் அந்த ஆறு வாரம் போல இன்னொரு காலம் வராது.

கட்டைப் பிரித்தேன். ஆகஸ்ட் மாதம் நன்றாக நடந்தார். சத்தியத்தைக் காப்பாற்றினார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஒரு சொட்டு தொடவில்லை. கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி நேராக வீட்டுக்கு வருவார். அப்போது கம்பெனியிலிருந்து போன் வந்தது. வைத்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "திங்கக்கெழமையிலேந்து வரச் சொல்லிட்டாங்க. ஓவர்டைமும் இருக்குதாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கவியை மாடிக்கு அனுப்பினேன், மிளகாய் காயவைத்திருந்தேன், காக்கா வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். டிவியைச் சத்தமாக வைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு அசந்து படுத்திருந்தார். வாயில் துண்டை வைத்தபோது விழித்துக்கொண்டார். வலி தாங்காமல் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், அதற்காகத்தான் துண்டு. என் கையில் இருந்த குழவியைப் பார்த்தார். துண்டைத் துப்பிவிட்டு, "நான் குடிக்கலியே கலை" என்றார்.

"தெரியும்" என்றேன்.

இந்தமுறை வலது கால். அவர் புரண்டதால் இரண்டு மூன்று அடி போடவேண்டியதாயிற்று. எலும்பு வெளியே வந்துவிட்டது. அது எனக்கும் வருத்தம்தான். கவி படியிறங்கி வந்து வாசலில் நின்றாள். அவள் எதிலிருந்து பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். அவர்களுக்குக் குணமான பிறகும் அது தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்து வந்து எங்கள் கதவில் ஒட்டினேன். அதன் பிறகு யாரும் வரவில்லை. அவருடைய தம்பி செம்மல் மட்டும் ஒருநாள் வந்து தெருவில் நின்று, "அண்ணி, அண்ணனைக் கொஞ்சம் ஜன்னலாண்ட வரச் சொல்லுங்க, மூஞ்சியைப் பாத்துட்டுப் போறேன்" என்றார். தூங்குகிறார் என்றேன். பழம் வாங்கி வந்திருந்தார். படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். போன்கள் இரண்டையும் நான்தான் வைத்திருந்தேன். வகுப்பு நேரத்துக்கு மட்டும் கவியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் சாயங்காலம் நான் கட்டம் போட்டால் தாயக்கட்டையை உருட்டுவார். கவியும் உருட்டுவாள். வெட்டுப்பட்டால் யாரும் சிரிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒருநாள் அவர் போட்ட சடை அவிழ்ந்துவிட்டது. "பரவால்லப்பா, இன்னொருவாட்டி போடு" என்று கவி மெதுவாகச் சொன்னாள். அப்பாவும் மகளும் அவ்வளவு நெருக்கமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வலது காலில் சீழ் வைத்தது. மாத்திரை கொடுத்தேன். கோணலாகத்தான் கூடியது.

அக்டோபரில் பள்ளிக்கூடம் திறக்கப் போவதாகக் கவியின் டீச்சர் போனில் செய்தி அனுப்பியிருந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த வாரத்திலிருந்து, பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று. நான் படித்துக் காட்டினேன். கவி தன் சீருடையை எடுத்து உதறி, ஆணியில் மாட்டினாள். மாட்டிய விதத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

சின்ன வயசு எலும்பு சீக்கிரம் கூடிவிடும் மேடம். பச்சைக் கொம்பு மாதிரி; நான்கு வாரம், மிஞ்சினால் ஐந்து. வடு கூடத் தெரியாது. இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். மெத்தென்று இருக்கட்டும் என்று பெரிய துண்டாக எடுத்துக் குழவியில் சுற்றினேன். மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சுவரோரம் கிடந்தார். நான் அவள் பாதத்தைப் பிடித்து நேராக வைத்தபோது அவர் தவழ்ந்து வந்தார். கோணிப்போன காலை இழுத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி வந்து, அவள் கால்மேல் குறுக்காகப் படுத்துக்கொண்டார்.

"நவுருங்க" என்றேன்.

"முடியாது."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு கவியை எழுப்பினார். "ஓடு கவி. அப்பா புடிச்சிக்கிறேன், நீ ஓடு." என் கணுக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அவ்வளவு பலம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கையை விடச் சொல்லி முதலில் தோளில் அடித்தேன். விடவில்லை. மணிக்கட்டில் அடித்தேன், முறிந்தது, அப்போதும் விடவில்லை. அதன் பிறகு தலையில். எத்தனை என்று எண்ணவில்லை. துண்டு அவிழ்ந்து போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கை தானாக விட்டபோது தெருக்கதவு திறந்து கிடந்தது.

நீங்கள் வரும்வரை நான் எங்கும் போகவில்லை. அவர் முகத்தைத் துடைத்தேன். மணிக்கட்டுக்கு ஒரு கட்டுப் போட்டேன். வடிவேலை நான்தான் கொன்றேன், இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கவிநிலாவைச் செம்மல் வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளை தனியாக இருக்கும். தனியாக இருந்தால் அவளுக்குப் பயம். யாராவது ஒருவர் அவளோடு வீட்டிலேயே இருக்கும்படி நீங்கள் சொல்ல வேண்டும்.