மாலை கழற்றும் வரிசையில்

ஐயப்பன் கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், "இதக் கழட்டுனா போச்சு, குருசாமி" என்றார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டிருந்த நான் பதறி வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தொட்டுக் காட்டியது கழுத்து மாலையை.

"சபரிமலை போய்ட்டு வந்தாச்சு. கழட்டித்தானே ஆகணும், சாமி?" என்றார் குருசாமி.

"மாலை போட்டதுலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கல. வீட்ல இப்ப, 'சாமி, சாப்பிட வாங்க'ன்றா. முன்னெல்லாம் தட்டு மட்டுந்தான் வரும். நாளைக்கு என்னான்னு கூப்புடுவா?"

"குடிக்காம இருந்தா நல்லபடியாத்தான் கூப்புடுவாங்க."

"ஆறு மணியானா காலு தானா ஒயின்ஷாப்புக்குத் திரும்பிடுமே!"

குருசாமி அவர் கழுத்து மாலையைக் கழற்றினார். அவர் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டே, "இனிமே நான் வெறும் ஏழுமலைதான்" என்றார்.

குருசாமி, "ஆறு மணிக்குத் தேரடியில நிக்கிறேன். ரெண்டு பேருமா கிரிவலமா மலை சுத்தலாம். வந்துடுங்க, சாமி" என்றார்.