இடது தொட்டி நண்டுகள்

நான்: இந்தக் காலத்துல யாரும் நலம் விசாரிக்கிறதில்ல. காகிதத்தை நீட்டிக்கிட்டேதான் உள்ள வர்றீங்க.

அவள்: கதவைத் தட்டிட்டுத்தானே வந்தேன், பெரியவரே...

நான்: தட்டின கையிலயே பேனா இருந்துச்சே. ஆராய்ச்சிக்கூடத்துப் பொண்ணு இந்தத் தொட்டி ரூமுக்குச் சும்மா வராதே.

அவள்: ஒரே ஒரு கையெழுத்து. நாளைக்கு என் ஆய்வைக் குழுவுல விசாரிக்கிறாங்க. இது இல்லேன்னா ரெண்டு வருஷ வேலையைத் தள்ளிடுவாங்க.

நான்: நண்டுத் தொட்டி கழுவுறவன் கையெழுத்துக்கு அவ்வளவு மவுசா? என்ன எழுதியிருக்கு, படி.

அவள்: 'ரெண்டு தொட்டித் தண்ணியும் ஒரே குளிர்ல இருந்தது.' அவ்வளவுதான்.

நான்: எதுக்கு அது?

அவள்: நண்டு வயித்துல ஒரு நரம்பு முடிச்சு இருக்கு. முப்பது செல்கூட இருக்காது. தனியா எடுத்துக் கிண்ணத்துல வச்சாலும் தாளம் தப்பாம துடிக்கும். இரையை அரைக்கிற தாளம்...

நான்: வயிறே இல்லாம எதை அரைக்குது?

அவள்: தாளம் மட்டும்தான். அதுல பெப்டைடு ஒரு சொட்டு விட்டா...

நான்: அது என்ன, சாராயமா?

அவள்: நரம்பே சுரக்கிற பொருள். அதே செல்லுங்க, ஆனா நடை மாறிடும்.

நான்: ஆளு மாறாம வேலை மட்டும் மாறுமா? போம்மா.

அவள்: மாறுது, நான் பாத்தேன். மந்தமா துடிச்சா அந்தச் சொட்டு தூக்கி விடும். ஏற்கனவே வேகமா துடிச்சா அசைஞ்சு கொடுக்காது.

நான்: அசையாததெல்லாம் எந்தத் தொட்டி?

அவள்: ...இடது.

நான்: எல்லாமேவா?

அவள்: பெரும்பாலும். தொட்டி ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சுன்னா அது நண்டோட குணம், என் கண்டுபிடிப்பு நிக்கும். இல்லேன்னா தண்ணிச் சூட்டுலதான் வேகமா துடிச்சுது, தொட்டிக் கோளாறுன்னு...

நான்: போட மாட்டேன்.

அவள்: உங்களுக்கு என்ன போகுது?

நான்: என் பேரு போகுது. இதுவரைக்கும் மூணே தடவைதான் கையெழுத்துப் போட்டிருக்கேன். கல்யாணத்துக்கு, இந்த வேலைக்கு, பொண்டாட்டி செத்ததுக்கு. மூணும் உண்மை.

அவள்: பிடிவாதம் பிடிக்காதீங்க. இதுல உங்களுக்கும் நல்லது இருக்கு...

நான்: என்ன நல்லது? முழுங்காம சொல்லு.

அவள்: தோண்ட ஆரம்பிச்சா முதல்ல உங்களைத்தான் வேலையை விட்டுத் தூக்குவாங்க. போதுமா?

நான்: தூக்கட்டும். வழி விடு, நான் கிளம்புறேன். அந்த இடது தொட்டி ஆழம், தோள் வரைக்கும் கை விட்டுத்தான் கழுவணும். விரல் மரத்துப் போகுதுன்னு தண்ணிச் சூட்டை மூணு டிகிரி ஏத்தி வச்சது நான்தான். நீ தெனமும் வந்து வெப்பமானியைப் பாத்துட்டுப் பேசாம போனதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நடந்ததை அப்படியே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன். பெப்டைடு கதையை மட்டும் நம்பச் சொல்லாத.