புதன்கிழமைத் திருத்தங்கள்

ஒரு கட்டுரையில் காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "உன்னைக் கட்டிக்க வர்றவ எதையும் பேசறதுக்கு முன்னாடி எழுதிக் காட்டணும்போல" என்று என் அக்கா சிரிப்பாள். அப்படி யாரும் வரவில்லை. அக்காவும் பிறகு மகனோடு வெளிநாடு போய்விட்டாள்.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்பதற்கு வருகிறேன். என் வேலை இன்னதென்று தெரிந்தால்தான் நான் செய்தது புரியும். ஒரு மருத்துவக் கேள்வியைப் பற்றி எங்கெங்கோ நடந்த ஆய்வுகளை எல்லாம் தேடியெடுத்து, சலித்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்லும் கட்டுரைகளை எங்கள் அலுவலகம் வெளியிடுகிறது. அவற்றை எழுதுபவர்களுக்குக் கைகொடுப்பது என் பொறுப்பு. மாத்திரையைப் பற்றி எழுதுவது சுலபம். எங்கள் பிரிவுக்கு வருவதோ பேச்சைப் பற்றியது. நோயாளியிடம் யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், சொன்னது காதில் விழுந்ததா என்பது பற்றியது. ஓர் ஆய்வில் வீடு தேடிப் போய்ச் சொல்லியிருப்பார்கள், இன்னொன்றில் துண்டுத்தாளைக் கையில் திணித்திருப்பார்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதற்குள் தலை சுற்றிவிடும். எழுத வந்தவர்கள் பாதியில் ஓடிவிடுவார்கள். ஓடாமல் பிடித்து வைப்பதில் எனக்கு நல்ல பெயர்.

அப்படி எழுத வந்த சிஸ்டர் ஓடவில்லை. வேறோர் ஊரில் செவிலியர் பள்ளி ஆசிரியை. நேரில் பார்த்ததில்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் தாய்மாரிடம், குழந்தைக்கு எந்த அறிகுறி வந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி, தாயையே திருப்பிச் சொல்ல வைப்பது பழைய முறை. பதிவு செய்த குரல் கைப்பேசியில் வந்து சொல்வது புதிய முறை. ஆள் மிச்சமாகிறது என்று மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாறிக்கொண்டிருந்தன. எது நல்லது என்பதுதான் சிஸ்டரின் கேள்வி.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அழைப்பார். நாற்பது நிமிடம் வேலை. கடைசி ஐந்து நிமிடம் வெறும் பேச்சு.

"இன்னிக்கு என்ன சமையல் சார்?"

"நேத்து வச்சதுதான் சிஸ்டர்."

"உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குத்தான் சார் சம்பளம் குடுக்கணும்."

பல வாரங்களில், என்னைப் பற்றி என்னிடம் யாராவது கேட்ட ஒரே கேள்வி அந்தச் சமையல் கேள்விதான். அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர். மற்ற மூவரும் காதில் எதையாவது மாட்டியிருப்பார்கள். செவ்வாய்க்கிழமை மாலை மட்டும் நான் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். அவர் என்னைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் போடுவேன்.

பதினான்காம் மாதம் கட்டுரை முடிந்தது. மொத்தம் முப்பத்தொரு ஆய்வுகள். பதிவுக் குரலை மட்டும் கேட்ட தாய்மார் குழந்தையைத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கம் குழந்தை இறப்பும் கூடுதல்.

"முடிஞ்சுது சார். இனிமே புதன்கிழமை உங்களுக்கு நிம்மதி" என்றார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். விட்டுப்போன ஆய்வுகள் இரண்டு கிடைத்தன. திருப்பி அனுப்பினேன். நியாயமான திருத்தம், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பிறகு அட்டவணைகளை மாற்றச் சொன்னேன். அதற்குள் ஆய்வுகளைத் தேடியெடுத்து ஒரு வருடம் கடந்துவிட்டது, கடந்தால் மறுபடி தேட வேண்டும் என்பது எங்கள் விதி, தேடச் சொன்னேன். தேடல் பழசானதற்குக் காரணம் என் திருத்தங்கள்தான். ஆனாலும் விதி விதிதானே.

வெளி நிபுணர்கள் இருவருக்கு அனுப்ப வேண்டும், அனுப்பினேன். இருவருமே ஒரே வாரத்தில் பதில் எழுதினார்கள்: குறையில்லை, உடனே வெளியிடுங்கள், மருத்துவமனைகள் காத்திருக்கக் கூடாது. இருவருக்கும் நன்றி சொன்னேன். சிஸ்டருக்கு, நிபுணர்கள் ஆறு சந்தேகங்கள் எழுப்பியிருப்பதாக எழுதினேன். ஆறையும் எழுதியவன் நான்தான். நல்ல சந்தேகங்கள். அவற்றில் இரண்டை அவரே பாராட்டினார்.

மூன்றாம் வருடம் ஒரு புதன்கிழமை, அவர் குரல் சரியில்லை.

"என் தம்பி பொண்ணோட குழந்தை சார். பொறந்து ஆறாவது நாள் போயிடுச்சு. பால் குடிக்கலைன்னு தெரிஞ்சும் ரெண்டு நாள் வீட்லயே வச்சிருந்திருக்கா. என்னன்னு யாரும் சொல்லலையாடின்னு கேட்டேன். ஃபோன்ல ஏதோ குரல் வந்துச்சாம், அசதியில சரியா கேக்கலையாம்."

"அழுங்க சிஸ்டர். நான் லைன்லயே இருக்கேன்."

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் பேசினோம். நாங்கள் பேசியதிலேயே நீளமானது அது. வைக்கும் முன், "சீக்கிரம் போட்டுடுங்க சார். இன்னொரு வீட்ல இப்படி நடக்கக் கூடாது" என்றார்.

அடுத்த வாரம் அவருக்குக் கடிதம் எழுதினேன். குடும்பத்தில் இத்தகைய இழப்பு நேர்ந்தவரின் மதிப்பீடு அறியாமலே ஒருபக்கம் சாயக்கூடும். எனவே எல்லா ஆய்வுகளையும் வேறொருவர் முதலிலிருந்து மதிப்பிட வேண்டும். எட்டு மாதம் ஆகும் என்று குறிப்பிட்டிருந்தேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார்.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தலைவி நிலுவைக் கோப்புகளைக் கேட்டபோது, நிபுணர்களின் கடிதங்கள் இரண்டும் அவர் கண்ணில் பட்டன. ஒன்பதே நாளில் கட்டுரை வெளிவந்தது. அந்த மாதமே மருத்துவமனைகளில் பதிவுக் குரலை நிறுத்தி, செவிலியர்களை மறுபடி தாய்மார் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

எத்தனை குழந்தைகள் போயிருக்கும் என்று கேட்டீர்கள். கட்டுரை முடிந்ததற்கும் வெளிவந்ததற்கும் நடுவே இரண்டு வருடம் ஏழு மாதம். பதிவுக் குரலுக்கு மாறியிருந்த மருத்துவமனைகளின் பிரசவ எண்ணிக்கையை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். நூற்றுப்பத்துக்கும் நூற்றெழுபதுக்கும் இடையில் வருகிறது. உறுதி குறைந்த மதிப்பீடு, கவனமாகப் பயன்படுத்துங்கள்.

ஆமாம், தெரிந்தேதான் நிறுத்தி வைத்தேன். கட்டுரை வெளியானால் அவர் அழைக்க மாட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இப்போது அவர் அழைப்பதில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

இன்னும் ஒன்று. அந்தக் குழந்தை போன சமயத்தில் மனம் விட்டு அழ அவருக்கு என்னைத் தவிர யாரும் இருக்கவில்லை, நானும் அவரைத் தனியாக விடவில்லை. அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.