கத்தரிப்பூ நிறச் சேலையின் மீதிப் பாதி

பெயர் சியாமளா, வயது 44, கணவர் பெயர் கந்தசாமி, சொந்த ஊர் கோயம்புத்தூர், குடியிருப்பது சிஞ்ச்வட், படிப்பு பி.எஸ்சி., வேலை உதிரிபாகங்களைத் தரச் சோதனை செய்வது. என் கணவரைக் காணவில்லை என்று சென்ற ஆண்டு இந்தக் காவல் நிலையத்தில் நான் கொடுத்த புகார் தொடர்பாக இன்று நேரில் வந்து தமிழில் சொல்வதாவது:

என் கணவர் சிஞ்ச்வட்டில் ஒரு பட்டறையில், துளையிட்ட இரும்புப் பாகங்களில், விளிம்பில் ஒட்டி நிற்கும் கூரான இரும்புப் பிசிறை எடுக்கும் வேலை பார்த்தார். இரண்டு துளைகள் உள்ளே சந்திக்கும் இடத்தில் நிற்கும் பிசிறு கண்ணுக்குத் தெரியாது. அதனால் சுரண்டி எடுத்த பிறகு பழைய பருத்தித் துணியைத் திரித்துத் துளைக்குள் விட்டு இழுப்பார். நூல் மாட்டினால் பிசிறு இன்னும் இருக்கிறது. புதுத் துணி வழுக்கும் என்று சொல்லி, துவைத்துத் துவைத்து நைந்த என் கத்தரிப்பூ நிறச் சேலையில் பாதியைக் கிழித்துக்கொண்டு போனார். அதன் பிறகு ஒரு நாள் முதலாளி அவசரம் என்று துணி விட்டுப் பார்க்காமலே சரக்கை அனுப்பச் சொன்னதில், உள்ளே நின்ற பிசிறு உடைந்து, வாங்கியவர்களின் இயந்திரத்தில் எண்ணெய்க் குழாயை அடைத்து, சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. எல்லோர் முன்னிலையிலும் பழியை இவர்மேல் போட்டார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, கைப்பேசியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனவர் திரும்பவில்லை.

அதன் பிறகு என் வேலையில் எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் துளையின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்ப்பேன். அது சோதனைக்காக மட்டும் அல்ல.

சென்ற வாரம் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலைக்குச் சோதனைக்குப் போனபோது, பிசிறு எடுக்கும் மேசைமேல் என் சேலைத் துண்டு கிடந்தது. யாருடையது என்று கேட்டதற்கு சூப்பர்வைசர், “அண்ணாவோடது மேடம், தொட்டா கடிச்சிடுவார்” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். இந்தப் பக்கம் தமிழர்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் பிறகு ஷிப்ட் மாறும்வரை அங்கேயே நின்றேன். என் கணவர் வந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு ஒரு பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“துணி வேணும்னா கேட்டிருக்கலாமுங்க” என்றேன்.

“இன்னும் ஒரு சாண் இருக்குது, சியாமளா.”

“மீதிப் பாதி வீட்டுல வெட்டாம இருக்குது. நான் கொண்டாந்து தரமாட்டேன். வேணும்னா வந்து எடுத்துக்கங்க.”

அவர் துணியைத் துளைக்குள் விட்டு இழுத்தார். மாட்டவில்லை. மறுபடியும் அதே துளையில் விட்டு இழுத்தார். அதன் பிறகு நான் பஸ் ஏறினேன்.

ஆகவே என் கணவர் உயிரோடு, தன் விருப்பப்படி இருக்கிறார். என் புகாரை முடித்துக்கொள்ளலாம். அவரை அழைத்துவரக் காவலர் யாரையும் அனுப்ப வேண்டாம். அவருடைய முகவரி என்ற இடத்தில் என் வீட்டு முகவரியையே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) க. சியாமளா