பச்சை மாறாத கொப்பு

— நிறத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒனோரினா. மூணு கிண்ணத்துல இருக்கிறதும் தண்ணி மாதிரிதான் இருக்கும். உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்சு மூக்குக்கிட்ட கொண்டு போ.

— இது எது, ஜெலிந்தோ?

— நீயே மோந்து சொல்லு.

— பசை வாடை. செருப்புத் தைக்கிறவன் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி.

— அதான் தலை. திராட்சைச் சக்கையை அண்டாவில ஏத்தி நெருப்பு வெச்சா முதல்ல இறங்குறது. விஷம், குடிச்சா முதல்ல கண்ணு போயிடும். பாரு, இப்போ நடுக் கிண்ணம்.

— இது... சுட்ட ரொட்டி. உலர்ந்த திராட்சை.

— நெஞ்சு. இதைத்தான் கிராப்பான்னு நான் ஊருக்குக் குடுக்கிறது. மூணாவது வால், நனைஞ்ச நாய் நாத்தம் அடிக்கும், அதை விடு. நெஞ்சை மட்டும் நாக்குல வை. உடனே முழுங்காத.

— எரியுது.

— எரியட்டும். அது அடங்கினதும் என்ன வருது?

— இனிப்பு. எம்புருஷன் துல்லியோ கடைசியா குடிச்சதில இது இருந்திருக்காது.

— ஆரம்பிச்சிட்டியா.

— வேற எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க? புருஷனைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல, சாராயம் ருசி பாக்கவா வருவேன்? கல் குவாரியில இருந்து சுவரைத் தடவித் தடவி வந்தாரு மனுஷன். "விளக்கை ஏத்துடி"ங்கிறாரு, வெளிய நல்ல வெயிலு. மறுநாள் உசுரும் போச்சு. நாளைக்குப் போலீஸ் வீட்டுக்கு வருது. எதைக் குடிச்சாரு, யாரு காய்ச்சினதுன்னு கேப்பாங்க. தப்பா ஒரு வார்த்தை வாயில வந்துடக் கூடாதுன்னுதான் உங்ககிட்டயே கத்துக்க வந்தேன்.

— நல்லாருக்கு. என்னை உதினே ஜெயிலுக்கு அனுப்ப எங்கிட்டயே பாடம் கேக்குறியா?

— உங்க பேரைச் சொல்றதா வேண்டாமான்னு இங்க வெச்சுத்தான் முடிவு பண்ணப் போறேன். இந்தாங்க, எங்க வீட்டுப் பாட்டில். இதைத்தான் குடிச்சிருக்காரு. மோந்து பாருங்க.

— குடு... ஐயோ, மாதாவே! தலை. சுத்தமான தலை.

— நீங்க காய்ச்சினதுதானே?

— நான் காய்ச்சினதுதான். இந்தப் பள்ளத்தாக்குல வேற யாருகிட்ட அண்டா இருக்கு?

— ஒத்துக்கிட்டீங்க.

— இரு, இரு. காய்ச்சினேன். குடிக்கக் குடுக்கல. தலையைப் பொம்பளைங்க ஜன்னல் துடைக்கக் கேப்பீங்க, வயசானதுங்க மூட்டுக்குத் தேய்க்கக் கேக்கும். அந்தப் பாட்டில்ல நான் ஒண்ணும் போட மாட்டேன். குடிக்கிற பாட்டில்ல மட்டும்தான் அடையாளத்துக்கு ஒரு அருவதாச் செடிக் கொப்பு. எங்கப்பன் காலத்துல இருந்தே அப்படித்தான். பாரு, கொப்பு இல்லாததை வாயில வைக்கக் கூடாதுன்னு இந்த ஊர்ல பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

— இதுலதான் கொப்பு இருக்கே! அதானே எனக்கு வயிறு எரியுது. குவாரித் தூசியில அவருக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சு. சாணியும் ரோஜாவும் அந்த மனுஷனுக்கு ஒண்ணுதான். கொப்பை மட்டுமே நம்பிக் குடிச்சவரு. நீங்க மப்புல தப்பான பாட்டில்ல போட்டுத் தொலைச்சிட்டீங்க.

— வெளிச்சத்துல தூக்கிப் பிடி. கொப்பு என்ன நிறம்?

— பச்சை.

— இப்போ அந்த அலமாரியில இருக்கிறதைப் பாரு. எல்லாம் நான் போட்டது.

— வைக்கோல் மாதிரி இருக்கு.

— திராட்சை அறுப்பு முடிஞ்ச கையோட காய்ச்சினேன், அப்பவே போட்ட கொப்பு. கிராப்பா கொஞ்ச நாள்ல பச்சையை உறிஞ்சிடும். உன் பாட்டில்ல இருக்கிறது இப்பத்தான் ஒடிச்சது. என் தோட்டத்துல இருந்த செடி பனியில கருகிப்போச்சு, நம்பலைன்னா போய்ப் பாரு. இந்தக் குளிர்ல யாரு வீட்ல அருவதா தழைச்சு நிக்குது?

— எங்க அடுப்படி ஜன்னல்ல. தொட்டியில.

— நான் உன் அடுப்படிக்கு வந்தேனா?

— வரல. மேல சொல்லுங்க.

— மேல என்ன சொல்ல? கிறிஸ்துமஸுக்கு முன்னாடி துல்லியோதான் வந்து தலை கேட்டான். "ஒனோரினாவுக்கு முழங்கால் வலி, ராத்திரியெல்லாம் முனகுறா"ன்னான். பாவமேன்னு ஒரு பாட்டில் நிறையக் குடுத்தேன்.

— எனக்கா?

— உனக்குத்தான்.

— எனக்கு முழங்கால் வலிச்சதே இல்ல, ஜெலிந்தோ.

— ஒரு நாளும் இல்லையா?

— இல்லவே இல்ல. அப்போ எதுக்கு வாங்கினாரு?

— உக்காரு முதல்ல. கிண்ணத்தைக் கீழ வை. ஊர்ல பேசினது உன் காதுக்கு வரலையா, துல்லியோவையும் அந்தப் பட்டு ஆலைக்காரியையும் பத்தி?

— வந்துச்சு. முடிஞ்சு போச்சுன்னு பாதிரியார் முன்னாடி சத்தியம் பண்ணாரு. நானும் நம்பினேன். அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூக்கு அடைச்சு ஒரு வாடையும் தெரியல. தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் நிறையக் கட்டிலுக்கே கொண்டாந்து குடுத்தாரு. "கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்கா குடி, வேர்த்து இறங்கிடும்"னு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு வாய்த் தண்ணி மொண்டு குடுத்ததில்ல அந்த மனுஷன். நல்ல சரக்குத்தான்னு கொப்பைக்கூடத் தூக்கிக் காட்டினாரு. சந்தோஷத்துல அழுதுட்டேன் நான்.

— குடிச்சியா? குடிச்சிருந்தா நீ எப்படி எனக்கு முன்னாடி உக்காந்திருக்க?

— குமட்டிக்கிட்டு வந்துச்சு, குடிக்க முடியல. ஆசையாக் குடுக்கிறவருகிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அவரு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போற வரைக்கும் போர்வைக்குள்ளயே பிடிச்சுக்கிட்டு இருப்பேன்.

— அப்புறம் கொட்டிட்டியா?

— நல்ல கிராப்பாவை யாராவது கொட்டுவாங்களா? தினம் குவாரிக்குக் கிராப்பா எடுத்துட்டுப் போவாரே, அந்தக் குடுவையில ஊத்தி வெச்சேன். குளிர்ல கல்லு உடைக்கிறவரு, அவருக்காவது இதமா இருக்கட்டும்னு.