பிசிறு மேல்பக்கம் இருந்தது

காலை நாலே முக்கால். தொழிற்பேட்டைச் சாலை. இரண்டு பக்கமும் பூட்டிய ஷெட்டுகள்... கடைசி ஷெட்டில் மட்டும் ஒரு குழல் விளக்கு. அதற்குக் கீழே ஒருவர் தனியாக உட்கார்ந்து, ஓர் இரும்புத் தகட்டைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தார். தகட்டில் ஓர் ஓட்டை அதிகம். அது எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

என் அறைத் தோழனின் அக்கா வீட்டுக்காரர் அவர். நாங்களும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மின்சாரம் வரும்வரை யாரும் மொட்டை மாடியை விட்டு இறங்கக் கூடாது.

"ஓட்டைத் தகட்டுல ஒரு ஓட்டை அதிகமாம்டா. பேய்க் கதைன்னு கூப்பிட்டு உக்கார வச்சான் பாரு" என்றான் எங்கள் கூட்டத்துத் தடியன்.

பொறு. அந்தத் தகடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் பயம் வரும்.

ஸ்பீக்கர் முகப்பு, பேருந்துப் படி, தானியம் சலிக்கும் சல்லடை... எல்லாம் இந்தத் தகடுதான். வெறும் தகட்டைப் பிரஸ்ஸுக்குள் தள்ளுவார்கள். மேலே வரிசையாக எஃகு ஊசிகள். கீழே அதே அளவில் துளைகள் போட்ட கட்டை, டை என்பார்கள். ஊசிகள் இறங்கும்... டக். ஒரு வரிசை ஓட்டை. தகடு ஒரு விரல்கடை நகரும். டக். வெட்டுப்பட்ட இரும்பு, சட்டைப் பொத்தான் அளவு வில்லைகளாக டைக்குள் விழுந்து, தரைக்குக் கீழே உள்ள குழியில் சேரும்.

ஊசி நுழைந்த பக்கம் விளிம்பு வழவழவென்று இருக்கும். வெளியேறிய பக்கம் பிசிறு நிற்கும், விரலைக் கீறும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எந்தப் பக்கத்திலிருந்து குத்தியது என்று சொல்லிவிடலாம். ஊசி மேலிருந்து வருவதால் பிசிறு எப்போதும் கீழ்ப்பக்கம்.

அந்த அதிகப்படி ஓட்டை, தகட்டின் வெற்று ஓரத்தில் இருந்தது. அங்கே மேலே ஊசி கிடையாது. கீழே டையில் துளையும் கிடையாது. மாமா தடவிப் பார்த்தார்.

பிசிறு... மேல்பக்கம் இருந்தது.

தடியன் பாயின் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

மூன்று லோடு திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் ஓட்டை இருந்தால் சல்லடையில் தானியம் ஒழுகும். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. முடியலன்னா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிடுங்க" என்றார் சூப்பர்வைசர். குவார்ட்டர்ஸ் என்றால் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை. உள்ளே அக்கா, பிறந்து இருபது நாளான குழந்தை. போக வேறு இடமில்லை.

மாமா ஊசிகளை மாற்றினார். டையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வேறு கட்டிலிருந்து தகடு எடுத்துப் போட்டார். ஒரு ஓட்டை மூன்றானது. வியாழக்கிழமை, ஓடும் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். டக்... டக்... இடையில் ஒரு டொக். தகட்டின் மேல் ஒரு வில்லை எழும்பி விழுந்தது. குத்திய இரும்பு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இது சில்லென்று இருந்தது.

பக்கத்து ஷெட் வெல்டரிடம் அதைக் காட்டினார். வெல்டர் கையில் வாங்கவே இல்லை.

"பூனையை மேல கூப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"எந்தப் பூனை?"

குழி சுத்தம் செய்தவரின் பட்டப்பெயர். அவர் நடந்தால் சத்தமே வராதாம். மாமா வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய மாதம், வில்லைகள் அடைத்துக்கொண்டதால் சுத்தியலோடு குழிக்குள் இறங்கினார். ஷிஃப்ட் மாறியது. அடுத்து வந்த ஆள் குனிந்து பார்க்கவில்லை. மெயினைப் போட்டான்.

வில்லை பொத்தான் அளவுதான். ஆனால் ஒரு வாளி நிறைந்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். முழங்கால்... இடுப்பு... மார்பு. கீழிருந்து சுத்தியலால் தட்டியிருக்கிறார். டொக், டொக், டொக். மேலே இருந்தவர்களுக்குக் கேட்டது. பேரிங் போயிருக்கும், ஷிஃப்ட் முடியட்டும் என்று ஓட்டினார்கள்.



வெள்ளிக்கிழமை. அதே நாலே முக்கால். மாமா மெயினை அணைத்தார். ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குழியின் மூடியை நகர்த்தி, குப்புறப் படுத்து, தலையை உள்ளே நீட்டினார். பழைய எண்ணெய் வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை...

"அண்ணே... மிஷின் நிக்குது. ஃப்யூஸ் என் பையில இருக்கு. அவசரமில்ல, மெதுவா மேல வாங்க."

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வில்லைகள் சரிந்தன. சரசர... சரசர... புதைந்த காலை யாரோ உருவுவதுபோல. ஏணியின் முதல் படி முனகியது. இரண்டு... மூன்று... மொத்தம் ஒன்பது படி. ஒன்பதாவதில் மாமாவின் காதோரம் ஈரமாக ஏதோ உரசிப் போனது. அவர் திரும்பவில்லை.

அன்றைக்கு நானூறு தகடு. ஓரமெல்லாம் சுத்தம். அக்கா இன்னும் அந்த இரண்டு அறையில்தான் இருக்கிறாள்.

"அப்ப சரியாப்போச்சுல்ல? அதான் மேல வந்துட்டாரே..." தடியனின் குரல் இறங்கியிருந்தது.

ஒரு நாள் கூப்பிட்டால் போதாது. ஒரு சனிக்கிழமை மாமா மறந்துவிட்டார். பத்தாவது தகட்டிலேயே டொக். அதனால் தினமும் கூப்பிடுகிறார். தினமும் ஒன்பது படி ஏறும் சத்தம்.

போன மாதத்திலிருந்து அது ஒன்பதோடு நிற்பதில்லை. முதல் ஆள் ஏறி முடித்ததும், இன்னொரு கால் முதல் படியில் ஏறுகிறது. இது வேகமாக வருகிறது. அந்தக் குழியில் செத்தவர் ஒருவர்தான் என்கிறார் வெல்டர். மாமா யாரையும் எதுவும் கேட்கவில்லை. மெயினை அணைத்து, ஃப்யூஸைப் பையில் போட்டு, மூடியைத் திறந்து கூப்பிடுகிறார். பதினெட்டு எண்ணி முடித்த பிறகுதான் மூடியைப் போட்டுப் பிரஸ்ஸை ஓட்டுகிறார். அப்படி ஓட்டினால் ஓரத்தில் ஓட்டை விழுவதில்லை.