எழுந்து நிற்கிறவன்

கஹவத்தை பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர், "எம் மகன் சும்மா உக்காந்திருப்பான், சட்டுனு எந்திரிச்சு நிப்பான்" என்றார். அதற்குப் பிறகு என் காது அங்கேயே இருந்தது.

"அவரைத்தான் விட்டுட்டாங்களே அக்கா?" என்றாள் இளையவள்.

"ஆள் மாறிப்போச்சுன்னு விட்டுட்டாங்க. ஆனா புடிச்ச அன்னைக்கு, கடைய ஒடைச்ச கள்ளன்னு டிவிக்காரங்க முன்னால பொலிஸ் நிக்க வச்சாங்கல்ல? அந்த வீடியோ இன்னும் எல்லார் போனுலயும் ஓடுதே."

"அதுக்கு இப்ப எதுக்கு நிக்கிறாரு?"

"யாரோ பாக்குறாங்கம்மான்னு சொல்றான். கைய பின்னால கட்டிக்கிட்டு, தலைய குனிஞ்சு, அந்த வீடியோவுல நின்ன மாதிரியே நிக்கிறான். கொஞ்ச நேரத்துல தானா உக்காந்துக்கிறான்."

பஸ் வளைவில் திரும்பியது. இளையவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே ரப்பர் மரங்களையே பார்த்தாள்.

"நேத்து நானும் பாத்தேங்க்கா. யாரோ அனுப்பியிருந்தாங்க."

"எப்ப?"

"மத்தியானம், மலையில வேலை முடிஞ்சு வந்து சோறு திங்கிறப்ப."

மூத்தவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்பத்தான் எச்சிக் கையோட எந்திரிச்சான். உக்காந்தவன் மறுபடியும் எந்திரிச்சான். ரெண்டு தரமா பாத்த, தங்கச்சி?"